பெட்டர் எந்த வினையோடு வருகிறது?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மாடி அறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. என்னிடம் மாலையில் படிக்க வருகிற ஒன்பது பேரும் நர்ஸ்கள். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து மருத்துவமனைகளில் பகல் டியூட்டி முடித்துவிட்டு, பஸ் பிடித்து ஆறரை மணிக்கு வந்து சேருவார்கள். வெளிநாட்டில் வேலைக்குப் போகிற நர்ஸ்கள், டாக்டர்கள் எழுதுகிற ஓஇடி என்கிற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல்-பிளே உண்டு, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ பேசுவார். நம் பிள்ளைகள் நர்ஸாகவே பேச வேண்டும்.

அன்றைக்கு நான்தான் நோயாளி. முட்டி ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், எழுந்து நடக்கப் பயம், ராத்திரி தூக்கம் இல்லை என்று ஒரு வயதான அம்மாவாக நாற்காலியில் சாய்ந்திருந்தேன். எதிரே இருந்த பெண் கருங்கல் என்கிற ஊரில் இருந்து வருகிறவள். ஆறு வருட வார்டு அனுபவம். நோயாளி முகம் சுளிப்பதற்கு முன்பே வலி எங்கே என்று தெரிந்துகொள்கிற கை அவளுக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு கனிவான குரலில் சொன்னாள்:

"யூ பெட்டர் டேக் ரெஸ்ட்."

அவள் மனதில் இருந்தது "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா". ஒரு ஆங்கிலேய நோயாளியின் காதில் விழுவது வேறு. "ஒழுங்கா படுத்துக்க, இல்லேன்னா அப்புறம் நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல" என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை. அவளுடைய குரலிலோ முகத்திலோ குறையே இல்லை. உச்சரிப்பும் சுத்தம். பெட்டர் என்கிற ஒரு சொல் வினைக்கு முன்னால் போய் நின்றுகொண்டது, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு, ஒன்றரை மணி நேரம் இதைப் பற்றியே பேசினோம். வீட்டுக்குப் போன பிறகும் எனக்கு அது ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த வாக்கியம். "யூ பெட்டர்" என்று பேச்சில் வருவதன் முழு வடிவம் "யூ ஹேட் பெட்டர்". அந்த ஹேட் முதலில் "யூட்" என்று குறுகி, அப்புறம் வேகப் பேச்சில் காணாமலே போகிறது. இந்த ஹேட் பெட்டர் அறிவுரைதான், ஆனால் பின்விளைவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிற அறிவுரை. தலை சுற்றித் தள்ளாடுகிற ஆளிடம் "யூட் பெட்டர் சிட் டவுன்" என்று சொல்லலாம், அங்கே அது சரியான வார்த்தை. உட்காராவிட்டால் விழுந்துவிடுவார். மூன்றாம் நாள் முட்டி வலியோடு இருக்கிற அம்மாவிடம் "ட்ரை டு ரெஸ்ட் எ பிட் மோர்" என்றால் போதும். ரெஸ்ட் முன்னால், மோர் பின்னால்.

ஏன் நம் பிள்ளைகள் முன்னால் வைக்கிறார்கள் என்றால், தமிழில் எல்லாமே வினைக்கு முன்னால்தான் வரும். நல்லா தூங்கு. இன்னும் சத்தமா பேசு. என்னை விட வேகமா ஓடுவான். வினை கடைசியில் வந்து உட்காரும், மற்றதெல்லாம் அதற்கு முன்னாலேயே தயாராக இருக்கும். அந்த வரிசையிலேயே யோசித்து ஆங்கிலத்தைப் போட்டால் "ஐ மோர் லைக் டீ" வரும், "ஷி பெட்டர் ஸ்பீக்ஸ் இங்கிலீஷ்" வரும். ஆங்கிலத்தில் வினை வரும், அது எதைப் பற்றிக்கொள்கிறதோ அந்தப் பொருள் வரும், ஒப்பீடு அதற்குப் பிறகுதான் வரும். "ஐ லைக் டீ பெட்டர்." "ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் பெட்டர் தேன் ஐ டூ." லைக்குக்கும் டீக்கும் நடுவில் எதையும் நுழைக்க முடியாது. "ஷி ஸ்பீக்ஸ் பெட்டர் இங்கிலீஷ்" என்று ஒன்று உண்டே என்று ஒரு பெண் கேட்டாள். உண்டு, அதுவும் சரி. அங்கே பெட்டர் இங்கிலீஷோடு ஒட்டிக்கொள்கிறது, பேசுகிற செயலோடு ஒட்டவில்லை.

(ஒப்பிடும்போது வருகிற அந்த ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் தேன் என்றுதான் விழுகிறது. இந்தப் பதிவு முழுக்க அந்தச் சொல்லையே அப்படி எழுதுகிறேன்.)

இன்னொரு வேறுபாடும் உண்டு. தமிழில் ஒப்பிடும்போது குணத்தைச் சொல்கிற சொல் மாறுவதே இல்லை. மலை பெரிது என்றாலும் பெரிதுதான், "மலையினும் மாணப் பெரிது" என்று திருவள்ளுவர் சொன்னாலும் பெரிதுதான். அடையாளம் மலையின் மேல் விழுகிறது, எதோடு ஒப்பிடுகிறோமோ அதன் மேல். இன்றைக்கு நாம் "மலையை விட" என்கிறோம், அதுவும் மலைமேல்தான். ஆங்கிலம் அந்த அடையாளத்தைக் குணத்தின் மேல் போடுகிறது, பிக் என்பது பிக்கர் ஆகிறது. அதனால்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் "ஹி இஸ் டால் தேன் மீ" என்று சொல்கிறார்கள். தேன் போட்டாச்சே, விட வந்தாச்சே, இன்னும் என்ன வேண்டும் என்று மனசு நினைத்துக்கொள்கிறது. அதைத் திருத்தினால் அடுத்த வாரம் "மோர் பெட்டர்" என்று இரண்டு மடங்காக வரும். இதற்காக யாரையும் நான் திட்டுவதில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலேயே "மோர் பெட்டர்" இருக்கிறது, "மோஸ்ட் அன்கைண்டஸ்ட்" இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அது அழுத்தத்துக்காகச் சொல்வது, பிழை என்று பார்க்கப்படவில்லை. பின்னால் வந்த இலக்கண நூல்கள்தான் அதை விலக்கின. இன்றைக்குத் தேர்வில் சொன்னால் பிழைதான், அதனால் விட்டுவிடுங்கள் மக்களே என்று மட்டும் சொல்வேன்.

சரி, பெட்டருக்கு வருகிறேன்.

எங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு. நோட்டில் பெட்டர் என்று தனியாக எழுதி, பக்கத்தில் "நன்றாக" என்று பொருள் எழுதக்கூடாது. அதற்கு முன்னால் நிற்கிற வினையோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஏனென்றால் வினை மாறினால் பெட்டரே வேறு ஆளாகிவிடுகிறது. ஃபீல் பெட்டர் என்றால் உடம்பு தேவலை. கெட் பெட்டர் என்றால் குணமாகிக்கொண்டு வருகிறது. டூ பெட்டர் என்றால் இன்னும் நன்றாகச் செய்வது, பரீட்சை பேப்பரில் டீச்சர் எழுதுகிற "குட் டூ பெட்டர்" அதுதான் (இந்தக் குட்டுக்கு நல்லது என்று பொருள் இல்லை, முடியும் என்று பொருள்). லைக் பெட்டர் என்னும்போது "நன்றாக" என்கிற பொருளே கிடையாது, அதிகம் பிடிக்கும் என்று அர்த்தம். டிசர்வ் பெட்டர் என்றால் உனக்கு இதைவிட நல்லது கிடைத்திருக்க வேண்டும் என்கிற ஆதங்கம். அப்புறம் நோ பெட்டர், இந்த நோவுக்கு இல்லை என்று பொருள் இல்லை, தெரிந்திருப்பது என்று பொருள். இதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். "யூ ஷுட் நோ பெட்டர்" என்று வார்டில் மூத்த நர்ஸ் சொன்னால், "உனக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்" என்று நம் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும் போல என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் சொன்னது "உனக்குத் தெரியாதா என்ன, தெரிஞ்சும் இப்படிச் செய்யலாமா" என்பது. அது கண்டிப்பு. "ஹி தாட் பெட்டர் ஆஃப் இட்" என்றால் ஒன்றைச் செய்யப் போனவர் யோசித்துப் பார்த்து விட்டுவிட்டார் என்று பொருள். சொல் அதே பெட்டர்தான்.

இதில் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வகுப்பு ஆரம்பித்த முதல் சில வருடங்கள், "குட் யூ ஸ்பீக் ஸ்லோவர்" என்று யாராவது எழுதினால் சிவப்பு மையில் அடித்து "மோர் ஸ்லோலி" என்று திருத்துவேன். பெயரடையை வினைக்குப் பின்னால் போடக்கூடாது, வினையடைதான் வர வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்ததை நானும் சொல்லித்தந்தேன். பிறகு வெளிநாட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். டீச்சர், இங்கே எல்லோரும் ஸ்லோவர் என்றுதான் சொல்கிறார்கள், டாக்டர்கூட அப்படித்தான் சொல்கிறார். அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஸ்லோ என்பதை வினையடையாகவும் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். எத்தனை நோட்டுகளில் அந்தச் சிவப்பு மை விழுந்தது என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. சரியாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தயங்க வைத்துவிட்டேனே என்று.

அதற்குப் பிறகு தேடிப் படித்ததில்தான் கதையின் வேர் புரிந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயரடையின் ஒப்பீட்டுக்கு "ரா" என்று ஒரு ஈறு, வினையடையின் ஒப்பீட்டுக்கு "ஓர்" என்று இன்னொரு ஈறு. தெளிவாக இரண்டும் வேறு வேறு. காலப்போக்கில் வாயில் தேய்ந்து இரண்டுமே இன்றைய "அர்" ஆகிவிட்டன. சாதாரண வினையடைக்கும் இதே நிலைதான். ஹார்ட், ஃபாஸ்ட் போன்ற சொற்களின் கடைசியில் ஒரு சின்ன எகரம் சேர்த்தால் அந்தக் காலத்தில் வினையடை. அந்த எகரமும் உதிர்ந்தது. மிஞ்சியது பெயரடை மாதிரியே தெரிகிற வினையடை. அதனால் "ரன் ஃபாஸ்டர்", "வொர்க் ஹார்டர்" என்பதெல்லாம் சோம்பேறித்தனத்தில், ஸ்லோலியின் கடைசியில் வருகிற அந்த லியை விட்டுவிட்டுப் பேசுகிற பேச்சு இல்லை. லி போட்டவற்றுக்குப் பக்கத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிற வடிவம். இதைத் தெரியாமல் ஹார்டோடு லியை ஒட்டி "ஐ வொர்க் ஹார்ட்லி" என்று சொன்னால் நான் வேலையே செய்வதில்லை என்று ஆகிவிடும். நேர்முகத்தில் அப்படிச் சொல்லிவிட்டு வந்து அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

வார்டில் ஒரு நாளில் எத்தனை முறை இந்தச் சொற்கள் வருகின்றன என்று பாருங்கள். கம் க்ளோசர். ப்ரீத் டீப்பர். லீன் ஃபர்தர் ஃபார்வர்ட். ஹோல்ட் டைட்டர். பிரசவ அறையில் புஷ் ஹார்டர். தலைமாட்டை உயர்த்தும்போது ஷல் ஐ ரெய்ஸ் இட் ஹையர். காது கேட்காத தாத்தாவிடம் ஐ வில் ஸ்பீக் லௌடர். ஒவ்வொன்றிலும் வினை முன்னால், ஒப்பீடு பின்னால், இரண்டே சொல்லில் வேலை முடிகிறது. இங்கே "ப்ரீத் மோர் டீப்லி" என்றாலும் தப்பில்லை, டாக்டர் குறிப்பில் எழுதும்போது அதுதான் பொருத்தம். மூச்சு வாங்குகிற ஆள் முன்னால் நின்று சொல்லும்போது டீப்பர் போதும். ஆனால் கேர்ஃபுலி மாதிரி நீளமான சொல்லுக்கு இந்தச் சலுகை கிடையாது. "வாக் மோர் கேர்ஃபுலி" மட்டும்தான்.

இதைச் சொல்லிக்கொடுக்க நான் எடுத்துக்கொள்வது ஒலிம்பிக் முழக்கத்தை. லத்தீனில் அது "சிடியஸ், அல்டியஸ், ஃபோர்டியஸ்". ஆன்ரி டிடோன் என்கிற பிரெஞ்சுப் பாதிரியாரிடம் இருந்து பியர் டி கூபெர்டின் எடுத்துக்கொண்டது, 1894-இல் ஒலிம்பிக் கமிட்டி தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிறது. மூன்றுமே லத்தீனில் வினையடை ஒப்பீடுகள். இன்னும் வேகமாக, இன்னும் உயரமாக, இன்னும் வலுவாக. வினை மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் அதை "ஃபாஸ்டர், ஹையர், ஸ்ட்ராங்கர்" என்று ஆக்கினார்கள். 2021-இல் டோக்கியோவில் "டுகெதர்" என்று ஒன்றைக் கூடச் சேர்த்தார்கள்.

போர்டில் மூன்று சொல்லையும் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வினை போடுங்கள் என்பேன். ரன் ஃபாஸ்டர், உடனே வரும். ஜம்ப் ஹையர், அதுவும் வரும். மூன்றாவதில் நின்றுவிடுவார்கள். இந்த முறை ஒரு பெண் "த்ரோ ஸ்ட்ராங்கர்" என்றாள், குண்டு எறிதல் ஞாபகத்தில். நல்ல யோசனை, ஆனால் ஆங்கிலக்காரர் அப்படிச் சொல்லமாட்டார். த்ரோவோடு ஹார்டர் போகும், ஃபார்தர் போகும், ஸ்ட்ராங்கர் போகாது. ஸ்ட்ராங்கர் பெயரடையாகவே நின்றுவிட்ட சொல். அதற்கு முன்னால் பி வேண்டும், அல்லது கெட், ஃபீல், க்ரோ மாதிரி ஒன்று வேண்டும். லத்தீனில் ஒரே வரிசையில் நின்ற மூன்று சொல்லில், ஆங்கிலத்துக்கு வந்ததும் ஒன்று மட்டும் செய்வதில் இருந்து இருப்பதற்கு மாறிவிட்டது. கெட் ஸ்ட்ராங்கர். முட்டி ஆபரேஷன் ஆன அம்மாவிடம் சொல்ல அதைவிட நல்ல வாக்கியம் வேறு இல்லை, "யூ ஆர் கெட்டிங் ஸ்ட்ராங்கர் எவ்ரி டே" என்று. கருங்கல் பெண் அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இனி, தேனுக்குப் பின்னால் என்ன வருகிறது என்கிற விஷயம். ஐ-யா, மீ-யா என்று இருநூறு வருடத்துக்கும் மேலாக அடித்துக்கொள்கிறார்கள். ராபர்ட் லௌத் என்கிற பாதிரியார், பிற்பாடு லண்டன் பிஷப் ஆனவர், 1762-இல் வெளியிட்ட இலக்கண நூலில், சொல்லாமல் விட்ட வினையைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். "ஷி இஸ் டாலர் தேன் ஐ" (என்னைவிட அவள் உயரம்), ஏனென்றால் மனதுக்குள் "ஐ ஆம்" என்று ஒரு வினை இருக்கிறது. பேச்சில் இன்றைக்கு யாரும் அப்படி நிறுத்துவதில்லை. "டாலர் தேன் மீ" என்பார்கள், அல்லது "டாலர் தேன் ஐ ஆம்" என்று முடிப்பார்கள். இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் லௌத் சொன்னதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, மறைந்திருக்கிற வினையைத் தேடு என்பது. அது எப்போது உதவும் என்று ஒரு நோட்டில் பார்த்தேன்.

வீட்டைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "மை சன் லவ்ஸ் மை மதர் மோர் தேன் மீ." பையனுக்கு நாலு வயசு. இவள் டியூட்டிக்குப் போவதால் பாட்டியிடம்தான் வளர்கிறான். தேர்வில் தேறினால் இவள் போய், ஏற்பாடெல்லாம் ஆன பிறகுதான் அவனை அழைத்துக்கொள்ள முடியும். அந்த வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு அர்த்தம். அவன் என்னை நேசிப்பதைவிடப் பாட்டியை அதிகம் நேசிக்கிறான் என்பது ஒன்று. நான் என் அம்மாவை நேசிப்பதைவிட அவன் அதிகம் நேசிக்கிறான் என்பது இன்னொன்று. எதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. முதல் அர்த்தம்தான் என்றாள்.

தமிழில் சொல்லிப் பாருங்கள்: "என் மகன் என்னை விட எங்கம்மாவை அதிகமா நேசிக்கிறான்." இதிலும் அதே இரண்டு அர்த்தம் இருக்கிறது! "விட" எப்போதும் ஐ உருபைத்தான் கேட்கும், என்னை, உன்னை, அவனை. ஒப்பிடப்படுகிறவர் நேசிக்கிறவரா நேசிக்கப்படுகிறவரா என்பதை அந்த உருபு காட்டிக்கொடுக்காது. இத்தனை வருடம் தமிழ் பேசியும் இதை நான் கவனித்ததே இல்லை, அந்த நோட்டைப் பார்க்கிற வரை. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது, கடைசியில் வினையை ஒருமுறை போட்டுவிடுவது. "மோர் தேன் ஐ டூ" என்றால் இரண்டாவது அர்த்தம். "மோர் தேன் ஹி லவ்ஸ் மீ" என்றால் முதலாவது. அந்த டூ ஒரு சின்னச் சொல்தான், முழு வினையின் வேலையையும் அதுவே செய்துவிடுகிறது. அன்றைக்கு அவள் நோட்டில் நான் எதையும் அடிக்கவில்லை. பக்கத்தில் இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.

வினையில் "இல்லை" சேரும்போது இன்னொரு வேலை நடக்கிறது. என்னிடம் படித்து அயர்லாந்துக்குப் போன ஒரு பெண், அங்கே ஒரு வார்டு மீட்டிங்கில் பேசியிருக்கிறாள். ராத்திரியில் படுக்கைப் புண் வராமல் இருக்க, நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரத்தை மாற்றலாம் என்று. வார்டு மேனேஜர் கேட்டுவிட்டு "ஐ குடின்ட் அக்ரீ மோர்" என்றார். இவள் காதில் "குடின்ட் அக்ரீ" மட்டும் விழுந்தது. முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து சார்ட்டில் அவள் சொன்ன நேரமே ஒட்டியிருந்தது. இதைவிட அதிகமாக என்னால் ஒத்துப்போக முடியாது, அதாவது நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். "குடின்ட் பி ஹாப்பியர்" என்றாலும் அதே கணக்கு, ரொம்ப சந்தோஷம். "குட் பி வர்ஸ்" என்று ஒரு தாத்தா சொன்னால் பயப்பட வேண்டாம், ஏதோ பரவாயில்லை என்கிறார். வாக்கியம் முடிகிறவரை காது கொடுங்கள், மோர் வருகிறதா என்று பாருங்கள் என்று இப்போது ஒவ்வொரு பேட்சிலும் சொல்கிறேன்.

"ஐட் ராதர் நாட்" என்று நோயாளி சொல்வதும் அடிக்கடி வரும், வேண்டாமே என்கிற மென்மையான மறுப்பு. அந்த ராதரும் ஒரு பழைய ஒப்பீடுதான். ராத் என்றால் விரைவாக என்று ஒரு சொல் இருந்தது, அதன் ஒப்பீடு ராதர். அதற்கு முன்பாக இதைச் செய்வேன் என்பதில் இருந்து, அதைவிட இது மேல் என்கிற பொருளுக்கு வந்துவிட்டது. தேனும், அப்புறம் என்று பொருள்படுகிற தென்னும் கூட ஒரே சொல்லில் இருந்து பிரிந்தவைதான். பிள்ளைகள் இரண்டையும் மாற்றி எழுதும்போது இதைச் சொல்வேன், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர் மூன்றும் லத்தீனிலேயே ஒப்பீடாகப் பிறந்து வந்தவை, அவற்றுக்குத் தேன் கூடாது, டு போட வேண்டும். ப்ரிஃபர் என்கிற வினைக்கும் டுதான். இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒப்பீடு வினைக்கு முன்னால் வருகிற இடம் ஒன்றாவது இருக்கிறதா டீச்சர் என்று கடைசி பெஞ்சில் இருந்து ஒருத்தி கேட்டாள். இருக்கிறது. "த மோர் யூ வாக், த ஈஸியர் இட் கெட்ஸ்." நடக்க நடக்கச் சுலபமாகும். இங்கே இரண்டு ஒப்பீடுகளும் துள்ளி முன்னால் வந்துவிடுகின்றன. தமிழில் நாம் வினையையே இரட்டித்து வேலையை முடித்துவிடுகிறோம், மோரும் வேண்டாம், விடவும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னபோது வகுப்பில் எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. முட்டி ஆபரேஷன் அம்மாவுக்கு இதையும் சொல்லலாம் என்று கருங்கல் பெண் எழுதிக்கொண்டாள்.

போன ஞாயிறு இங்கிலாந்தில் இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் படித்துப் போனவள், வடக்கே ஒரு ஊரில் முதியோர் வார்டில் இருக்கிறாள். காலை ரவுண்டில் ஒரு தாத்தாவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே "ஐ ஹேவ் பீன் பெட்டர், லவ்" என்றாராம். லவ் என்பது அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் கூப்பிடுகிற விதம், நம் ஊரில் மக்களே என்கிற மாதிரி. பெட்டர் என்று கேட்டதும், சிரிப்பையும் பார்த்ததும், தேவலை என்று எழுத சார்ட்டை எடுத்துவிட்டாள். அப்புறம்தான் முன்னால் நின்ற வினை நினைவுக்கு வந்திருக்கிறது. ஹேவ் பீன். இதைவிட நன்றாக இருந்த நாட்கள் உண்டு என்கிறார். இன்றைக்கு நன்றாக இல்லை.

"பேனாவ மூடி வச்சிட்டு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தேன் டீச்சர்" என்றாள். ராத்திரி கொடுத்த வலி மாத்திரை கேட்கவே இல்லை, மூன்று மணியில் இருந்து விழித்தபடி கிடந்ததை, அவள் உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னாராம்.